கோள் சொல்லாத சாமான்கள்

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அத்தான் காலையில் நடக்கப் போகிறாரா, இல்லை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நடப்பவர்களுக்கு மார்க் போடுகிறாரா?

போன் இருக்கும்போது இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ ஒன்று கேட்பாய், நான் ஒன்று சொல்வேன், அதற்குள் அடுப்பில் ஏதாவது அடிப்பிடித்துவிடும். எழுதினால் நிதானமாக எழுதலாம்.

ஒரு யோசனை வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பெண் தனியாக வீடு வைக்கப் போகிறாள். ஒரே அறைதான். அதற்கு வாஷிங் மெஷின், கெட்டில், ஃபேன், இஸ்திரிப் பெட்டி எல்லாம் வாங்க வேண்டும். எதுவும் போனோடு சேரக்கூடாது, வைஃபை கேட்கக்கூடாது, யாருக்கும் செய்தி அனுப்பக்கூடாது என்கிறாள். அந்த மாதிரி இப்போது கிடைக்குமா? வாழ்நாளெல்லாம் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவள் நீ. உன்னைவிட்டால் நான் யாரைக் கேட்பேன்?

பதிலை நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடை முகவரிக்கு எழுது. வீட்டு வாசலில் என் வீட்டுக்காரர் புது அழைப்பு மணி மாட்டியிருக்கிறார். அதில் கேமரா உண்டு. தபால்காரர் வந்து நின்றாலே அவர் போனில் படம் போய்விடும். அதற்காகச் சொல்லவில்லை. மதியம் வரை நான் கடையில்தானே இருக்கிறேன், அதனால்.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தங்கை,
பொடி

* * *

பிப்ரவரி 15

அன்புள்ள பொடிக்கு,

நானும் அத்தானும் சுகமாக இருக்கிறோம். முழங்கால் தன் இஷ்டப்படி நடந்துகொள்கிறது. உன் உடம்பு எப்படி இருக்கிறது? "எல்லோரும் நலம்" என்று எழுதியிருந்தாய். நான் கேட்பது உன்னை.

உன் தோழி விவரமானவள். அவளுக்குப் புரிகிற மாதிரி ஓர் உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் இரண்டு வகைப் பிள்ளைகள் உண்டு. ஒருவன் கணக்கைப் போடுவான், நோட்டை வைப்பான், விளையாடப் போய்விடுவான். இன்னொருவன் சட்டாம்பிள்ளை. அவனும் கணக்குப் போடுவான், ஆனால் பாதி நேரம் யார் பேசினார்கள், யார் சிரித்தார்கள் என்று கரும்பலகையில் பெயர் எழுதிக்கொண்டிருப்பான். சாமான்களும் அப்படித்தான். நமக்கு வேண்டியது கணக்கைப் போட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளும் பிள்ளை.

கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்க்கச் சொல். விசிறி விரித்தது போல வளைவு வளைவாகக் கோடு போட்டிருந்தால் அது வைஃபை. பெட்டியைக் கீழே வைத்துவிடலாம். திருகுகிற குமிழ் இருக்கிறதா என்று பார்க்கட்டும். மின்சாரம் போய் வந்தாலும் குமிழ் வைத்த இடத்தில் இருக்கும். தொடுதிரை எல்லாவற்றையும் மறந்துவிட்டு, நீ யார் என்று நம்மையே கேட்கும். கடைசியாக விற்பவரிடம், "இதுக்கு ஆப் போடலன்னா ஓடுமா?" என்று கேட்கட்டும். அவர் யோசித்தால் அங்கிருந்து கிளம்பிவிடலாம்.

இங்கே அத்தான் ஒரு டிவி வாங்கினார். பெட்டியைத் திறந்ததும் அது அவருடைய பிறந்த தேதியைக் கேட்டது. "என் கல்யாணத்துக்கே இவ்வளவு விசாரிக்கலையே" என்றார். "ஒப்புக்கொள்கிறேன்" என்று இருந்த இடத்தில் கையை வைக்க மறுத்துவிட்டார். டிவியும் படம் காட்ட மறுத்துவிட்டது. இருவரும் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு இருந்தார்கள். அத்தான்தான் ஜெயித்தார். டிவியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

ஒன்று மறந்துவிட்டேன். மேலே திறக்கிற வாஷிங் மெஷின் வாங்க வேண்டாம் என்று சொல். குள்ளமானவர்களுக்கு அடியில் கிடக்கும் காலுறை எட்டாது, தலைகீழாக உள்ளே விழ வேண்டியிருக்கும். முன்பக்கம் திறப்பதுதான் நல்லது.

அன்புடன்,
அக்கா

* * *

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே நலம். உன் கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாயா?

ஆமாம், என் தோழியும் குள்ளம்தான்.

கடை முடிந்து வரும்போது சாமான் கடைக்குப் போனேன். அந்தப் பையன் ஒரு மெஷினைக் காட்டி, "இது துணி துவைச்சு முடிச்சதும் உங்க போனுக்கே மெசேஜ் அனுப்பும் மேடம்" என்றான்.

"தம்பி, துணியைப் போட்டதே நான்தான். எனக்குத் தெரியாதா?"

"நீங்க வெளியூர்ல இருந்தாலும் தெரியும் மேடம்."

"வெளியூர்ல இருந்தா எதுக்குத் துணியைப் போடப் போறேன்?"

பாவம், அவன் மேலாளரைக் கூப்பிட்டுவிட்டான். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் மாட்டு வண்டி விலை கேட்டது போல இருந்தது. ஆனாலும் பின்பக்கத்துக் கிடங்கிலிருந்து ஒன்றை இழுத்து வந்தார். முன்பக்கம் திறக்கிறது, இரண்டு குமிழ். "இது ரொம்ப நாளா போகாம கெடக்கு" என்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார். ஒதுக்கி வைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.

இங்கே எப்போதும் போலத்தான். உனக்குத் தெரியுமே, இவர் லாரி கம்பெனியில் கண்காணிப்பு அறையில் இருக்கிறார். எந்த லாரி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்று பகலெல்லாம் திரையைப் பார்க்கிற வேலை. பிள்ளைகள் இல்லாத வீடு, அதனால் வீட்டையே பிள்ளை மாதிரி வளர்க்கிறார். மாதம் ஒரு புதுச் சாமான் வரும். நேற்று மாலை வந்ததும் வராததுமாக, "மத்தியானம் ஃபிரிட்ஜ் கதவு ரொம்ப நேரம் திறந்திருந்துச்சே, ஏன்?" என்றார். லாரி ஓட்டுநரை "நடுவுல ஏன் நிறுத்தின?" என்று கேட்பாரே, அதே குரல். வெயிலில் நடந்து வந்தேன், முகத்தைக் குளிரில் காட்டிக்கொண்டு சும்மா நின்றேன். அதை எப்படிச் சொல்வது? "தயிர் தேடினேன்" என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை அக்கா. கை ஓங்கியதில்லை, சத்தம் போட்டதில்லை. கேட்பார், அவ்வளவுதான். எல்லாவற்றையும் கேட்பார்.

தோழிக்கு அறை கிடைத்துவிடும் போலிருக்கிறது. எங்கள் கடைக்கு மேலேயே, முதலாளியம்மாவின் மாடி அறை. பழைய ஃபிரேம்கள் அடைத்து வைத்திருந்தது. ஒரு ஜன்னல், ஒரு குழாய், நல்ல வெளிச்சம். அவளுக்கு ஒரு ரேடியோ மட்டும் வேண்டுமாம். நல்லதாக ஒன்று சொல்லேன்.

அன்புடன்,
பொடி

* * *

மார்ச் 12

அன்புள்ள பொடிக்கு,

நாங்கள் நலம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

ரேடியோவை நானே வாங்கிவிட்டேன். புது வீட்டுக்கு என் பங்கு. இரண்டு குமிழ், ஒன்று சத்தத்துக்கு, ஒன்று நிலையத்துக்கு. நடுவில் ஒரு சிவப்பு முள். ரேடியோவில் எனக்குப் பிடித்ததே ஒன்றுதான்: நிலையம் பேசும், நாம் கேட்போம். நாம் கேட்கிறோமா, தூங்கிவிட்டோமா என்று நிலையத்துக்குத் தெரியவே தெரியாது. வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தச் சுகம் தெரியும்.

முள்ளை நிலையத்துக்குக் கொண்டுபோகும்போது அவசரப்படக்கூடாது. கொஞ்சம் இரைச்சல் வரும், இன்னும் ஒரு மயிரிழை திருப்பினால் குரல் தெளியும். உன் தோழிக்குக் கண்ணாடி வில்லை பொருத்துகிற கை இருந்தால் சிரமமே இல்லை.

கடை முகவரி எழுதி, பார்சலை அத்தானிடம் கொடுத்திருக்கிறேன். கிடைத்ததும் ஒரு வரி எழுது.

அக்கா

* * *

ஏப்ரல் 2

அன்புள்ள பொடிக்கு,

எப்படி இருக்கிறாய்? இதற்கு முதலில் பதில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லையே என்று இன்று காலை அத்தானைக் கேட்டேன். "பார்சல் சரியாகத்தானே போச்சு?"

"என்ன கேள்வி இது? நான் தபால் பிரிச்ச ஆளு" என்றார். "நீதான் முகவரியைத் தப்பா எழுதியிருந்த. நான் திருத்தி அனுப்பினேன்."

"என்னத்தைத் திருத்துனீங்க?"

"ஏதோ கண்ணாடிக் கடை முகவரி போட்டிருந்த. பொடி வீட்டு முகவரி எனக்கு மனப்பாடம். ஒரு மனுஷிக்கு வீடு இருக்கும்போது எதுக்குக் கடைக்கு அனுப்பணும்?"

வாழ்க்கை முழுக்கத் தபால் நிலையத்தில் தபால் பிரித்தவர். தவறான முகவரியைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. நான் காரணம் சொல்லாமல் கொடுத்தது என் தவறு. சொன்னதும் பாவம், ஒடுங்கிப் போனார். அதன் பிறகு காபிகூடக் கேட்கவில்லை.

வீட்டில் ஏதாவது ஆயிற்றா? போன் செய்யட்டுமா என்று கை பரபரக்கிறது. நீ கடிதம்தான் என்றாய், அதனால் எழுதுகிறேன். இங்கே ஓர் அறை காலியாகத்தான் இருக்கிறது. உன் தோழிக்கும் சொல்.

அக்கா

* * *

ஏப்ரல் 9

அன்புள்ள அக்காவுக்கு,

பயப்படாதே. இங்கே நலம். அத்தானைக் கோபிக்காதே, அவருக்குக் காபி கொடு.

பார்சல் வந்ததை வாசல் மணி படம் பிடித்து இவருக்கு அனுப்பிவிட்டது. நான் கடையிலிருந்து வருவதற்குள் அவரே மதியம் வந்து பிரித்து, மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரித்தார். "உங்க அக்கா இன்னும் அந்தக் காலத்துலயே இருக்காங்க" என்றார். எனக்கு மூச்சு வந்தது. குமிழைத் திருகிப் பார்த்தார், அவருக்கும் பிடித்திருந்தது.

பிறகு அலமாரியிலிருந்து வெள்ளையாக ஒன்றை எடுத்தார். ஸ்மார்ட் பிளக். சுவரில் அதை மாட்டி, அதில் ரேடியோவை மாட்டினார். "எவ்வளவு கரண்ட் குடிக்குதுன்னு பார்க்கலாம்." இப்போது நான் ரேடியோவைப் போட்டால் அவர் போனில் "சமையலறை வானொலி இயங்குகிறது" என்று வரும். நிறுத்தினால் அதுவும் வரும். மறுநாளே போன் செய்துவிட்டார்: "ரேடியோ நின்னுடுச்சே, எங்க போன?" குளிக்கப் போனேன் அக்கா.

சாயங்காலம் தைரியமாகக் கேட்டேன். "அந்த பிளக்கை எடுத்துடலாமா?"

"ஏன்? மறைக்க ஒண்ணும் இல்லன்னா பயம் எதுக்கு?"

"மறைக்க ஒண்ணுமில்லைங்க. காட்டவும் ஒண்ணுமில்ல."

அவருக்குப் புரியவில்லை. நிஜமாகவே புரியவில்லை. அதுதான் எனக்கு வருத்தம். கோபப்பட்டிருந்தால்கூடப் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு ரேடியோவைத் தொடவில்லை. ஒன்றும் எழுதவும் தோன்றவில்லை. வீட்டில் பின்கதவு ஒன்றுதான் இன்னும் ஊமையாக இருக்கிறது. அடுத்த சம்பளம் வந்ததும் அதற்கும் ஒரு பூட்டு வாங்கப் போவதாகச் சொல்கிறார், யார் திறந்தாலும் போனுக்குச் சொல்லுமாம். அது வந்துவிட்டால் என் தோழி எதையும் வெளியே கொண்டுபோக முடியாது.

பொடி

* * *

ஏப்ரல் 18

அன்புள்ள பொடிக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை சிரிப்பு வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கும்போது பெயரைக் கூப்பிடுவேன், "உள்ளேன் டீச்சர்" என்று குரல் வரும், குறித்துக்கொள்வேன். பல நாள் கழித்துத்தான் தெரிந்தது, ஒருத்தி சினிமாவுக்குப் போன நாளெல்லாம் பக்கத்தில் இருந்தவள் அவளுக்கும் சேர்த்து "உள்ளேன்" சொல்லியிருக்கிறாள். என் பதிவேட்டில் ஒரு பிழையும் இல்லை. குரல் வந்தது உண்மை. ஆள்தான் இல்லை.

அந்த பிளக்குக்குக் காதும் கிடையாது, கண்ணும் கிடையாது. மின்சாரம் ஓடுகிறதா இல்லையா, அது ஒன்றுதான் அதற்குத் தெரியும். பாட்டை யார் கேட்கிறார்கள் என்று தெரியாது. உன் போன் எங்கே என்று அவர் பார்த்தாலும் அப்படித்தான். அது இருக்கிற இடத்தைச் சொல்லும், நீ இருக்கிற இடத்தை அல்ல. மாப்பிள்ளை இதைத் தன் தொழிலிலேயே கற்றிருக்க வேண்டும். லாரி நிற்பது திரையில் தெரியும். ஓட்டுநர் டீக்கடையில் இருக்கிறானா, உள்ளே தூங்குகிறானா என்பது தெரியாது.

இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. உன் தோழி கெட்டிக்காரி.

உடம்பைப் பார்த்துக்கொள். அத்தான் காபி குடிக்கிறார்.

அக்கா

* * *

மே 10

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இந்தத் தடவை நிஜமாகவே சொல்கிறேன். நீயும் அத்தானும் நலம்தானே?

இப்போதெல்லாம் கடையிலிருந்து வந்ததும் ரேடியோவைப் போடுகிறேன். பக்கத்தில் போனை வைக்கிறேன். பின்கதவைத் திறந்து, என் துணிமணி வைத்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சந்து வழியாகக் கடைக்குத் திரும்பி நடக்கிறேன். இப்போது சந்தில் இருக்கிற நாய்கூட என்னைப் பார்த்தால் எழுந்திருப்பதில்லை.

மாடி அறையைக் கழுவியாயிற்று. இழுத்து விடுகிற கயிறு வைத்த ஃபேன் வந்துவிட்டது. கெட்டிலுக்கு ஒரே ஒரு சுவிட்ச், தண்ணீர் கொதித்தால் 'டக்' என்று தானே மேலே வந்துவிடும். வாஷிங் மெஷினை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு படி ஏறினார்கள். வந்தவர்களில் ஒருவர், "மேடம், வைஃபை பாஸ்வேர்ட் சொல்லுங்க, இணைச்சுத் தர்றேன்" என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டு, மெஷினைச் சுற்றிச் சுற்றித் தேடினார். முதலாளியம்மா, "அதுக்குக் குழாய்த் தண்ணி போதும்ப்பா, வேற ஒண்ணும் கேக்காது" என்றார்.

வீட்டில் இவருக்கு ரொம்பச் சந்தோஷம். "இப்பல்லாம் நீ வீட்டுலயே இருக்கியே, நல்லது" என்கிறார். போன வாரம் ஒரு சோதனை வந்தது. "இன்னைக்கு மத்தியானம் பூரா ரேடியோ கேட்டியே, என்ன நிகழ்ச்சி?" என்றார். "மாட்டுக்கு வர்ற நோயைப் பத்தி" என்றேன். "நம்மகிட்ட மாடே இல்லையே" என்றார். "அதான் நிம்மதியா கேட்டேன்" என்றேன்.

பின்கதவுப் பூட்டை வாங்கி வந்துவிட்டார். மாட்டுவதற்கு ஆள் வரும் தேதி தெரிந்துவிட்டது. அதற்கு முன்னால் முடித்துவிட வேண்டும்.

அக்கா, தோழி என்று ஒருத்தி இல்லை. உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒரு தடவை என் கையால் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது.

பொடி

* * *

மே 17

என் அன்புப் பொடிக்கு,

வாஷிங் மெஷின் எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று எழுதினேனே, அன்றைக்கே தெரியும். நீ சொல்கிற வரை நான் சொல்லக்கூடாது என்று இருந்தேன். விடை தெரிந்தாலும் பிள்ளை கையைத் தூக்கும்வரை டீச்சர் காத்திருக்க வேண்டும்.

அத்தானும் நானும் உன் பக்கம். வம்பு எதுவும் வேண்டாம். கடைசி நாளும் பின்கதவு வழியாகவே போய்விடு. ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டால் போதும். போய்ச் சேர்ந்ததும் எழுது. எப்போது கூப்பிட்டாலும் நாங்கள் கிளம்பி வருவோம். அத்தான் பையை எடுத்துத் தயாராக வாசலில் வைத்திருக்கிறார். தினமும் அதில் தடுக்கி விழுவது நான்தான்.

அக்கா

* * *

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம்.

உன் பேச்சை ஒன்றில் மட்டும் கேட்கவில்லை. சாமான்களைப் பின்கதவு வழியாகக் கொண்டுபோனேன், சரி. நானும் ஒரு சாமானா என்று தோன்றியது. அதனால் கடைசி நாள் ரேடியோவைப் போட்டேன், பக்கத்தில் போனை வைத்தேன், வாசல் கதவைத் திறந்து வெளியே வந்து, சாத்திவிட்டு, அழைப்பு மணியை நானே அழுத்தினேன்.

மணியில் விளக்கு எரிந்தது. அதற்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. "யாரு?" பிறகு, "நீயா? ரேடியோ ஓடுதே!"

"ஓடட்டும்ங்க. நான் உள்ள இல்ல."

அவருக்குப் பின்னால் யாரோ ஒரு லாரி எண்ணைப் படித்துக்கொண்டிருந்தது கேட்டது.

"எங்க போற?"

"நாளைக்குக் கடைக்கு வாங்க. நானே சொல்றேன்."

எத்தனையோ சாமான்கள் என்னைப் பற்றி அவருக்குச் சொல்லியிருக்கின்றன. என்னைப் பற்றி நான் சொன்னது அன்றுதான். குரல் நடுங்கவில்லை அக்கா. நேராகக் கடைக்கு நடந்தேன்.

மறுநாள் வந்தார். மாடிப்படி ஏறி வந்து கதவருகில் நின்றார். வழக்கப்படி கூரை மூலைகளைத்தான் முதலில் பார்த்தார். ஒன்றும் இல்லை. உட்காரச் சொன்னேன். நான் இனி இங்கேதான் இருக்கப் போகிறேன், கோபத்தில் வரவில்லை, யோசித்துத்தான் வந்தேன் என்று சொன்னேன். "உன் நல்லதுக்குத்தானே எல்லாம் பண்ணேன்" என்றார். "தெரியும். அதனாலதான் இவ்வளவு நாள் இருந்தேன்" என்றேன். அவர் அழவில்லை, கத்தவும் இல்லை. டீ போடக் கெட்டிலை வைத்தேன். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது கொதிச்சுடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"டக்குன்னு ஒரு சத்தம் வரும்."

"நான் வேற எங்கயாவது இருந்தா?"

"பக்கத்துல இருக்கறவங்களுக்குத்தான் கேக்கும்ங்க."

சத்தம் வந்தது. இரண்டு பேரும் கேட்டோம். டீயைக் குடித்தார். இனி வருவதானால் முன்கூட்டி முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டு வாருங்கள் என்றேன், தலையாட்டினார்.

கையில் ஒரு பை கொண்டுவந்திருந்தார். போகும்போதுதான் எடுத்து நீட்டினார். என் போனும் நீ அனுப்பிய ரேடியோவும். ரேடியோவின் வயர் நுனியில் அந்த வெள்ளை பிளக் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. கழற்ற மறந்தாரா, கழற்ற மனசில்லையா, நான் கேட்கவில்லை. கேட்டுக் கேட்டு ஒரு வீடே தீர்ந்துவிட்டது. பிளக்கைக் கழற்றி அவர் கையில் வைத்தேன். ரேடியோவை ஜன்னலில் வைத்தேன்.

இப்போது அது பாடிக்கொண்டிருக்கிறது. என்ன நிகழ்ச்சி என்று எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. வாஷிங் மெஷினும் ஓடுகிறது. அடியில் இருந்த காலுறை வரை கை எட்டியது.

உன் முழங்கால் மாடி ஏறுமென்றால் இருவரும் வாருங்கள். அத்தானுடைய பையில் தடுக்காமல் வா. அவருக்கு என் வணக்கத்தோடு இதையும் சொல்: கண்ணாடிக் கடை முகவரிதான் இனி என் வீட்டு முகவரி. திருத்த வேண்டாம்.

உன் தங்கை,
பொடி